சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு 79 கடல் மைல்: சார்ட்டில் பாதை போடும் விதம்

கரையோர வழிகாட்டலைச் சொல்லித்தரும் பாடநூல்களில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் தெற்குக் கரையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே ஓதம் (கடல் ஏற்றவற்றம்) ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறி ஓடும், நீர்மட்டம் மீட்டர் கணக்கில் ஏறி இறங்கும். அதனால் புத்தகத்தில் பாதி ஓதக் கணக்கிலேயே போய்விடுகிறது. சோழமண்டலக் கரையில் நிலைமை வேறு. அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில்கூட சென்னையில் நீர்மட்ட வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். இங்கே ஆளைக் குழப்புவது கரையோடு ஓடும் பருவகால நீரோட்டமும், மைல் கணக்கில் ஒரே மாதிரி நீளும் தட்டைக் கரையும்தான். இந்தப் பதிவு அந்த இரண்டையும் மனத்தில் வைத்து ஒரு பயணத்தைச் சார்ட்டில், அதாவது கடல் வரைபடத்தில், தீட்டுவது பற்றியது.

படகு சுமார் 9 மீட்டர் நீளப் பாய்ப்படகு, சராசரி வேகம் 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்). மாதம் பிப்ரவரி. புயல் பருவம் முடிந்து, வடகிழக்குக் காற்று தணிந்து சீராக வீசும் காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கே போக நினைத்தால் தென்மேற்குக் காற்று முகத்துக்கு நேரே நிற்கும். பாதை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகப் பாய் மாற்றி ஏற வேண்டியிருக்கும்.

மேசையில் என்னென்ன

ஒரே சார்ட்டை வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். முழுப் பயணமும் ஒரே தாளில் தெரியும் சிறிய அளவுச் சார்ட் ஒன்று, சென்னை, புதுச்சேரி இரண்டின் நுழைவையும் பெரிதாகக் காட்டும் சார்ட்டுகள் தனி. இந்தியக் கடலுக்கு இவற்றை வெளியிடுவது டேராடூனில் உள்ள கடற்படை நீரளவியல் அலுவலகம். திருத்த அறிவிப்புகளும் அங்கிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகின்றன.

பென்சில் 2பி. எச்பி பென்சில் தாளில் பள்ளம் போடும்; ஈரக்காற்றில் நமுத்த தாளில் அந்தப் பள்ளமே கிழிசலாகும். டிவைடர், மெத்தென்ற ரப்பர், ஸ்டாப்வாட்ச், கையில் பிடிக்கும் பேரிங் காம்பஸ் (பேரிங் என்பது நம்மிடமிருந்து ஒரு பொருள் இருக்கும் திசை, டிகிரியில்). திசைக்கோடு போட, இணைகோல் கப்பலின் பெரிய மேசைக்குச் சரி. ஆடும் சின்னப் படகில் அது நழுவிக்கொண்டே இருக்கும், அதனால் சுழலும் வட்டம் பொருத்திய பிளாஸ்டிக் பிளாட்டர்தான் எங்கள் சிபாரிசு.

இரவுக்குச் சிவப்பு விளக்கு என்பது பொதுவான அறிவுரை. சார்ட் மேசையில் அதைப் பின்பற்ற வேண்டாம். சார்ட்டில் தடைப் பகுதிகளின் எல்லை, கடலடிக் கேபிள், கலங்கரை விளக்கங்களின் ஒளிக்குறி எல்லாம் மெஜந்தா நிறத்தில் அச்சாகியிருக்கும். சிவப்பு ஒளியில் அந்த நிறம் வெள்ளைத் தாளோடு கலந்து காணாமல் போய்விடும். மங்கலான வெள்ளை விளக்கு போதும்.

ஓரத்திலிருந்து தொடங்குங்கள்

புதிதாகச் சார்ட்டைக் கையில் எடுப்பவர்கள் நேரே கடலைப் பார்ப்பார்கள். முதலில் படிக்க வேண்டியது தலைப்புக் கட்டமும் ஓரக் குறிப்புகளும். ஆழம் மீட்டரிலா, பழைய சார்ட்டானால் பாகத்திலா (ஃபேதம், ஆறு அடி)? ஆழத்தை எந்த நீர்மட்டத்திலிருந்து அளந்திருக்கிறார்கள்? ஆயங்கள் (அட்ச, தீர்க்க எண்கள்) ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 முறையிலா? பழைய இந்தியச் சார்ட்டுகள் எவரெஸ்ட் கோளம் என்ற வேறொரு பூமி அளவின்படி வரையப்பட்டவை. ஜிபிஎஸ் காட்டும் எண்ணை அவற்றின்மேல் அப்படியே வைத்தால் நூற்றுக்கணக்கான மீட்டர் வரை தள்ளிப் போகலாம். எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பது ஓரத்தில் ஒரே ஒரு வரியாக இருக்கும். அதைக் கட்டம் போட்டு வையுங்கள்.

கீழ் இடது மூலையில் திருத்தங்களின் எண்களும் ஆண்டும் இருக்கும். கடைசி எண்ணுக்குப் பிறகு வந்த அறிவிப்புகளை நீங்களே கையால் ஏற்ற வேண்டும். அது எவ்வளவு முக்கியம் என்பதற்குப் புதுச்சேரியே உதாரணம்: கடலுக்குள் நீண்டிருந்த பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது. அதற்கு முன் அச்சான தாளில் பாலம் முழுசாகத்தான் நிற்கும். கடலில் இருப்பதோ நீருக்கு மேலும் கீழும் கிடக்கும் இடிபாடு.

ஆழ எண்களைப் படிப்பது எளிது. பெரிய 7, அதன் காலடியில் சின்ன 4 என்றால் 7.4 மீட்டர். எண்ணுக்கு அடியில் கோடு இருந்தால் அந்த இடம் தாழ்வோதத்தில் வெளியே தெரியும் தரை. எண்கள் நெருக்கமாக இருக்கும் இடம் நன்றாக அளக்கப்பட்டது. எண்களே இல்லாத வெள்ளைப் பரப்பை ஆழமான கடல் என்று நினைத்துவிட வேண்டாம், யாரும் அளக்காத இடமாகவும் இருக்கலாம்.

விளக்கின் குறிப்பில் ஒரு பொறி உண்டு. மெரினாவில் 1977 முதல் எரியும் சென்னைக் கலங்கரை விளக்கத்தை எடுத்துக்கொள்வோம்: வெள்ளை ஒளி, 10 விநாடிக்குள் இரண்டு மின்னல், உயரம் 57, எட்டும் தூரம் 28. உயரத்துக்குப் பின்னால் சின்ன எழுத்து எம், அது மீட்டர். தூரத்துக்குப் பின்னால் பெரிய எழுத்து எம், அது கடல் மைல். இரண்டையும் மாற்றிப் படித்துவிட்டு விளக்கைத் தேடுகிறவர்கள் நிறைய.

அந்த 28 மைல் ஒளியின் வலிமையைத்தான் சொல்கிறது. பூமியின் வளைவு அதற்கு முன்பே மறித்துவிடும். விளக்கின் உயரத்துக்கு வர்க்கமூலம், உங்கள் கண்ணின் உயரத்துக்கு வர்க்கமூலம், இரண்டையும் கூட்டி 2.08-ஆல் பெருக்குங்கள். √57 என்பது 7.55. நீருக்கு மேல் 2 மீட்டரில் கண் என்றால் 1.41. கூட்டினால் 8.96, பெருக்கினால் 18.6 மைல். அதற்கு அப்பால் விளக்கு நேரே தெரியாது, வானத்தில் அதன் வெளிச்சம் வீசுவது மட்டும் தெரியும். தெரிகிற எல்லையில் இருக்கிறீர்களா என்று பார்க்க ஒரு கைவேலை உண்டு. நின்றால் மின்னல் தெரிகிறது, குந்தினால் மறைகிறது என்றால் அதுதான் எல்லை. அந்த நிமிடத்தில் படகு விளக்கிலிருந்து 18 மைல் சொச்சத்தில் இருக்கிறது, பேரிங்கும் கையில் இருக்கிறது. கிட்டத்தட்ட ஓர் இடக்குறி, அதாவது சார்ட்டில் படகின் இடம், கிடைத்துவிட்டது.

தூரம் எங்கே அளப்பது

தாளின் இடப்புறமோ வலப்புறமோ உள்ள அட்சக் கோட்டில்தான். ஒரு நிமிடம் (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) ஒரு கடல் மைல், 1852 மீட்டர். மேலும் கீழும் உள்ள தீர்க்க அளவில் அளந்தால் பிழை. ஆனால் இந்தக் கரையில் அந்தப் பிழை தண்டனை தராது. 13 டிகிரி வடக்கில் ஒரு தீர்க்க நிமிடம் 0.974 மைல், நூற்றுக்கு இரண்டரைதான் வித்தியாசம். கெட்ட பழக்கம் இங்கே ஒட்டிக்கொண்டுவிடும். அதே ஆள் 48 டிகிரி வடக்கில், பிரான்சின் பிரெஸ்ட் பக்கம் போய் இப்படி அளந்தால் ஒரு தீர்க்க நிமிடம் 0.67 மைல்தான், 10 மைல் என்று நினைத்தது 6.7 ஆகிவிடும்.

பாதையைக் கீறுதல்

தொடக்கப் புள்ளி ‘அ’: 13°06′ வ., 80°23′ கி. துறைமுகத்துக்கு நேர் கிழக்கே, நங்கூரமிட்ட கப்பல்களைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ள வேண்டிய இடம். ‘ஆ’: 12°37′ வ., 80°17′ கி. மாமல்லபுரம் விளக்குக்கு நேர் கிழக்கே ஐந்து மைல் சொச்சம். முடிவுப் புள்ளி ‘ஈ’: 11°55′ வ., 79°52′ கி.

‘அ’–‘ஆ’ கோட்டில் சிக்கல் இல்லை: 191 டிகிரி (வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணியது), 29.6 மைல். கோவளம் எதிரேயும் கரை மூன்றரை மைலுக்கு மேல் தள்ளியே இருக்கிறது.

‘ஆ’-விலிருந்து ‘ஈ’-க்கு ஒரே கோடாக 210 டிகிரியில் இழுக்கத் தோன்றும். இழுத்துவிட்டு, ஒவ்வொரு ஐந்து மைலிலும் கரைக்கு எவ்வளவு தூரம் என்று டிவைடரால் அளந்து பாருங்கள். முனைகள் இரண்டும் பாதுகாப்பாக இருக்கின்றன. நடுவில் பாலாற்று முகத்துவாரத்தருகே கரை கிழக்கே புடைத்திருப்பதால் கோடு அங்கே சுமார் இரண்டரை மைலுக்குள் நெருங்கிவிடுகிறது. ஆற்று மணல் தள்ளி ஆழம் மாறும் இடம், கட்டுமர வலைகளும் ஃபைபர் படகுகளும் அடர்ந்த இடம், அதுவும் நள்ளிரவில். தவிர அதற்குச் சற்று வடக்கே கல்பாக்கம் அணுமின் நிலையம். அதன் முன்னால் கரையை ஒட்டிப் போகவே கூடாது. தடை எல்லையைச் சார்ட்டில் பார்த்து அதற்கு வெளியே நன்றாக ஒதுங்குங்கள்.

அதனால் ‘இ’ என்று ஒரு புள்ளி: 12°27′ வ., 80°14′ கி. ‘ஆ’–‘இ’ 196 டிகிரி, 10.4 மைல். ‘இ’–‘ஈ’ 214 டிகிரி, 38.6 மைல். நேர்கோட்டைவிட அரை மைல்கூடக் கூடவில்லை, ஆனால் பாலாற்று எதிரே கரையிலிருந்து நாலு மைலுக்கு மேல் இடைவெளி கிடைத்துவிட்டது. மொத்தம் 78.6. ஒவ்வொரு கோட்டின்மேலும் டிகிரியையும் தூரத்தையும் எழுதுங்கள். டிகிரி மூன்று இலக்கம், தூரம் புள்ளியோடு. அப்போதுதான் தூக்கக் கலக்கத்தில் ஒன்றை இன்னொன்றாகப் படிக்க மாட்டீர்கள்.

கடைசிக் கோட்டில் காற்றையும் கவனிக்க வேண்டும். வடகிழக்குக் காற்றில் 191 டிகிரி சுகமான ஓட்டம், காற்று இடது பின்பக்கத்திலிருந்து வரும். 214-க்குத் திரும்பியதும் காற்று கிட்டத்தட்ட நேர் பின்னால் வந்துவிடும். அலையில் படகு ஒருமுறை புரண்டால் பெரிய பாயின் கட்டை தானாக மறுபக்கம் அடிக்கும். தலையில் பட்டால் ஆள் அவ்வளவுதான். கட்டையை முன்னால் கயிறு போட்டு இழுத்துக் கட்டுங்கள், அல்லது இருபுறமும் இருபது இருபது டிகிரி விலகி இரண்டு துண்டாக ஓட்டுங்கள். அப்படி ஓட்டினால் தூரம் நூற்றுக்கு ஆறு கூடும், 38.6 மைல் 41 ஆகும்.

நீரோட்டம் நேரத்தைத் தின்னும்

இந்தக் கரையோர நீரோட்டம் பிப்ரவரி முதல் மே வரை வடக்கு நோக்கி ஓடும், மார்ச், ஏப்ரலில் உச்சம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கி. சென்னை மீனவர்கள் தெற்கிலிருந்து வருவதைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் சொல்வார்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை கரையில் வலை காய்கிற இடத்தில் போய் “இப்ப என்ன வெள்ளம் போகுதுண்ணே?” என்று கேட்பது எந்த அட்டவணையையும்விடப் பயன்படும். காலையில் வலை இழுத்தவருக்கு விடை உடம்பிலேயே இருக்கும்.

1 நாட் வேகத்தில் 020 டிகிரி நோக்கித் தெண்டி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘அ’-வில் தொடங்கி நீரோட்டத்தின் ஒரு மணி நேரத் தூரத்தை, அதாவது 1 மைலை, 020 திசையில் வரையுங்கள். அதன் நுனியில் டிவைடரை ஊன்றி, 5 மைல் விரித்து, பாதைக் கோட்டை வெட்டுங்கள். நுனியிலிருந்து வெட்டிய புள்ளிக்குப் போகும் கோட்டின் திசைதான் ஓட்ட வேண்டிய திசை: 193. ‘அ’-விலிருந்து வெட்டிய புள்ளி வரை உள்ள நீளம் தரைமேல் உண்மை வேகம்: 4 நாட். இங்கே செய்யும் பெரிய பிழை, 5 மைலைப் பாதைக் கோட்டின்மேலேயே அளந்து வைத்து நுனியோடு சேர்ப்பது. முக்கோணம் முக்கோணம் மாதிரியே இருக்கும், விடை தப்பு.

திருத்தம் இரண்டே டிகிரி. அதைச் செய்யாமல் விட்டாலும் 30 மைலில் ஒரு மைல் சொச்சம்தான் கடல்பக்கம் தள்ளப்படுவீர்கள். ஆனால் மொத்தப் பயணம் 5 நாட்டில் 15 மணி 40 நிமிடம், 4 நாட்டில் 19 மணி 40 நிமிடம். நாலு மணி நேர வித்தியாசம். புறப்படும் நேரத்தை இதுதான் முடிவு செய்கிறது. மாலை 4 மணிக்கு ‘அ’-வை விட்டால் நீரோட்டம் இல்லாவிட்டால் காலை 7.40, இருந்தால் 11.40. இரண்டுமே பகல். மதியம் 1 மணிக்கே கிளம்பினால் நீரோட்டம் இல்லாத நாளில் விடிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்து இருட்டில் நிற்க வேண்டிவரும். காலையில் போய்ச் சேர்வதில் இன்னொரு லாபம்: சூரியன் முதுகுக்குப் பின்னால், கரை பளிச்சென்று தெரியும். மாலையில் இதே கரை சூரியனுக்கு அடியில் கருத்துக் கிடக்கும், கோபுரமும் தெரியாது தொட்டியும் தெரியாது.

காம்பஸ்

சென்னைப் பகுதியில் காந்த விலகல் (காம்பஸ் ஊசி உண்மை வடக்கிலிருந்து விலகும் அளவு) மேற்கே ஒன்று, ஒன்றரை டிகிரி அளவுதான். சார்ட்டில் உள்ள காம்பஸ் வட்டத்தின் நடுவில் எந்த ஆண்டுக்கு எவ்வளவு, ஆண்டுக்கு எவ்வளவு மாறுகிறது என்று எழுதியிருக்கும். இவ்வளவு சின்ன எண்ணைப் பார்த்துவிட்டு, “இங்கே காம்பஸில் பிழையே இல்லை” என்று சிலர் சொல்கிறார்கள். படகின் இரும்பால் வரும் பிழை எங்கே போயிற்று? எஞ்சின், ஸ்பீக்கர், காம்பஸுக்குப் பக்கத்தில் வைத்த செல்பேசி, சாவிக்கொத்து எல்லாம் ஊசியை இழுக்கும். அது திசைக்குத் திசை மாறும்.

அளப்பதற்குச் சுலபமான வழி: பேரிங் காம்பஸோடு ஒருவர் பின்முனையில், இரும்பும் கம்பியும் எட்டாத இடத்தில் நின்று, பாய்மரத்தைக் குறிபார்த்துப் படகின் நேர்த்திசையைப் படிக்க வேண்டும். அதே நொடியில் சுக்கான் பிடிப்பவர் படகின் காம்பஸைப் படிக்க வேண்டும். 45 டிகிரிக்கு ஒன்றாக எட்டுத் திசை. வித்தியாசங்களை அட்டையில் எழுதி மேசையில் ஒட்டுங்கள். நிற்கிற இடம் நல்ல இடமா என்று தெரிய, படகு வட்டமடிக்கும்போது தொலைவிலுள்ள ஒரே பொருளின் பேரிங் மாறாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நம் 193-க்கு வருவோம். சார்ட்டிலிருந்து காம்பஸுக்குப் போகும்போது மேற்கைக் கூட்டு, கிழக்கைக் கழி. திரும்பி வரும்போது தலைகீழ். காந்த விலகல் மேற்கு 1.5, கூட்டினால் 194.5. அந்தத் திசையில் படகின் பிழை கிழக்கு 3 என்றால் கழித்து 191.5. சுக்கான்காரரிடம் 192 என்று சொல்லுங்கள். அரை டிகிரியை யாராலும் ஓட்ட முடியாது.

இடம் குறித்தல்

பகலில் சென்னையை விட்டு விலகும்போது மூன்று பொருளின் பேரிங் எடுத்துக் கோடு போட்டால் சின்ன முக்கோணம் விழ வேண்டும். ஆனால் 13°00′ வ., 80°22′ கி. அருகிலிருந்து பார்த்தால் துறைமுகம் 327, கலங்கரை விளக்கம் 295, பரங்கிமலை 273. மூன்றும் ஒரே பக்கத்தில், இடைக்கோணம் 32-உம் 22-உம். மூன்று பொருளுக்கு நல்ல இடைக்கோணம் 60 டிகிரி. நேர்க்கரையில் அது அபூர்வமாகத்தான் கிடைக்கும். 60 மைலில் ஒரு டிகிரி ஒரு மைல் என்ற கணக்குப்படி, ஐந்தரை மைல் தூரத்துப் பொருளில் 2 டிகிரி கை நடுக்கம் 350 மீட்டர் ஆகிவிடும். கோடுகள் ஒன்றையொன்று சாய்வாக வெட்டும்போது அந்த 350 கரைக்கு இணையாக இன்னும் நீண்டு பரவும்.

இங்கே கைகொடுப்பது ஆழமானி. ஆழக்கோடுகள் வடக்கு தெற்காக ஓடுகின்றன. படகுக்கு நேர் பக்கவாட்டில் வரும் விளக்கின் பேரிங் கிழக்கு மேற்கு. இரண்டும் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் வெட்டும். இந்தக் கரையில் ஆழமும் பக்கவாட்டுப் பேரிங்கும் சேர்ந்து தருவது மூன்று சாய்வுப் பேரிங்கைவிட நல்ல இடக்குறி. ஆழத்தைத் திருத்தாமல் வைக்காதீர்கள். கருவி 18.2 காட்டுகிறது, அதன் கண் நீருக்கு அடியில் 0.5 மீட்டரில் இருக்கிறது, அப்போதைய ஓத உயரம் 0.7 என்றால் சார்ட்டில் தேட வேண்டியது 18.2 + 0.5 − 0.7, அதாவது 18.0. எண் இறங்கிக்கொண்டே வருகிறதா, ஏறுகிறதா என்பது ஒற்றை எண்ணைவிட முக்கியம்.

பேரிங் எடுக்கும் வரிசையும் உண்டு. முன்னாலும் பின்னாலும் உள்ளவை மெதுவாக மாறும், அவற்றை முதலில் எடுங்கள். பக்கவாட்டில் உள்ளது வேகமாக மாறும், அதைக் கடைசியாக எடுத்து, அந்த நிமிடத்தையே இடக்குறியின் நேரமாக எழுதுங்கள். கண்ணால் கண்டு வைத்த இடத்துக்கு வட்டம், கணக்கால் வந்த இடத்துக்குக் குறுக்குக்கோடு, நீரோட்டம் சேர்த்த கணக்குக்கு முக்கோணம். நேரம் எழுதாத குறி குப்பை.

மணிக்கு ஒரு வரி பதிவேடு: நேரம், லாக் (படகின் தூரமானி) காட்டும் மைல், ஓட்டிய திசை, காற்று, ஆழம், பாரோமீட்டர். ஓட்டச் சொன்ன திசையை எழுத வேண்டாம், உண்மையில் ஓட்டியதைக் கேட்டு எழுதுங்கள். பாரோமீட்டர் இந்த அட்சத்தில் தினமும் காலை 10-லிருந்து மாலை 4 வரை சில ஹெக்டோபாஸ்கல் தானாகவே இறங்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், நேற்று இதே நேரத்து எண்ணோடு ஒப்பிடுங்கள்.

ஒற்றை விளக்கு

மாமல்லபுரம் இரவு 10-லிருந்து 11.30-க்குள் பக்கவாட்டில் வரும். முதலில் அது அந்த விளக்குதானா என்று ஸ்டாப்வாட்ச்சால் மூன்று சுற்று எண்ணுங்கள்; கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க விடுதி விளக்குகளும் கோபுரங்களின் சிவப்புப் பொட்டுகளும்தான்.

ஒரே விளக்கிலிருந்து தூரம் கண்டுபிடிக்கும் பழைய வழி: விளக்கு படகின் முன்முனையிலிருந்து 45 டிகிரியில் இருக்கும்போது லாக்கைக் குறி. 90-க்கு, நேர் பக்கவாட்டுக்கு வந்ததும் மறுபடி குறி. இடையில் ஓடிய தூரம்தான் விளக்குக்கு உள்ள தூரம். சுலபம், ஆனால் தெண்டி ஓடும் மாதத்தில் ஆபத்தான பக்கம் சாயும். லாக் அளப்பது தண்ணீர்மேல் ஓடிய தூரத்தை. ஒரு மணி நேரம் ஓடி லாக் 5 மைல் காட்டும்; தரைமேல் ஓடியது 4. ஐந்து மைல் தள்ளி இருக்கிறோம் என்று நினைப்போம், உண்மையில் நாலு. எதிர்நீரோட்டத்தில் இந்த முறை எப்போதும் உங்களைக் கரையிலிருந்து தூரத்தில் இருப்பதாகவே காட்டும். நவம்பரில் வன்னியில் இதற்கு நேர்மாறு, பிழை பாதுகாப்பான பக்கம் விழும். அதனால் முதல் பேரிங் கோட்டை நகர்த்தும்போது லாக் தூரத்தோடு அந்த நேரத்து நீரோட்டத்தையும் சேர்த்தே நகர்த்துங்கள், ஆழத்தோடு சரிபாருங்கள்.

வலைகள் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். மற்ற மாதங்களில் இரவில் இந்தக் கடல் நிறைய ஆள்நடமாட்டம் உள்ளது. சின்னப் படகுகளில் விளக்கு இருக்கும் என்று நம்ப வேண்டாம், டார்ச் ஒரு முறை மின்னினால் வலை எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்த்து விலகுங்கள். விலகிய திசையும் நேரமும் பதிவேட்டில் ஏற வேண்டும். ஆறு நிமிடத்தில் ஓடுவது வேகத்தில் பத்தில் ஒரு பங்கு: 5 நாட்டில் அரை மைல். மூன்று முறை அப்படிக் கிழக்கே விலகினால் ஒன்றரை மைல் காணாமல் போயிருக்கும்.

ஜிபிஎஸ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு

ஜிபிஎஸ்ஸையும் வைத்துக்கொள்ளுங்கள், அதன் இடத்தையும் மணிக்கு ஒருமுறை தாளில் வையுங்கள். தப்பு பெரும்பாலும் எண்ணை ஏற்றும்போதுதான் நடக்கிறது. 12°37.5′ என்பது 12 டிகிரி 37 நிமிடம் 30 விநாடி. அதை 37 நிமிடம் 50 விநாடி என்று தட்டினால் 600 மீட்டர் தள்ளிப்போகும். செல்பேசி வரைபடம் டிகிரியின் பின்னமாக எண் தரும், அது மூன்றாவது குழப்பம். ஏற்றிய புள்ளிகளுக்கு இடையே கருவி சொல்லும் தூரமும் திசையும் தாளில் பென்சிலால் எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் இந்தத் தப்பு அத்தனையும் கரையிலேயே பிடிபடும்.

மின்சார்ட்டில் இன்னொரு குழி: படத்தைச் சுருக்கினால் சின்ன விவரங்கள் மறைந்துவிடும். 2014 நவம்பர் 29 அன்று உலகைச் சுற்றும் பாய்ப்படகுப் போட்டியான வால்வோ ஓஷன் ரேஸில் ஓடிய டீம் வெஸ்டாஸ் விண்ட் படகு இந்தியப் பெருங்கடலில் கார்கடோஸ் கராஜோஸ் பவளத்திட்டில் மோதி ஏறியது. தேர்ந்த மாலுமிகள், நல்ல கருவிகள். அந்தப் பகுதியைப் போதுமான அளவு பெரிதாக்கிப் பார்க்கவில்லை. பாதை முழுவதையும் பெரிய அளவில் ஒரு முறை விரலால் ஓட்டிப் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும்.

புதுச்சேரியை நெருங்குதல்

கடைசிப் பத்து மைலில் தாளைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியாது, அதனால் எல்லைப் பேரிங் ஒன்றை முன்கூட்டியே போட்டு வையுங்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து 035 திசையில் ஒரு கோடு. கடலிலிருந்து பார்த்தால் அந்தக் கோட்டின்மேல் விளக்கின் பேரிங் 215. பாதையில் சரியாக இருந்தால் பத்து மைலில் அது 222 அளவில் இருக்கும், நெருங்க நெருங்கக் கூடும். 215-க்குக் கீழே இறங்கினால் கரைப்பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். யோசிக்காமல் கிழக்கே திரும்புங்கள். கோட்டின் பக்கத்தில் ‘215-க்குக் குறையக் கூடாது’ என்று எழுதி, கரைப்பக்கத்தில் சாய்கோடு போட்டு வைத்தால் சுக்கானில் இருப்பவரே பார்த்துக்கொள்வார். சார்ட்டில் போட்டது உண்மைத் திசை, கையில் இருப்பது காந்தத் திசை. சுக்கான்காரரிடம் சொல்லும் எண் 217.

அரியாங்குப்பம் ஆற்றுமுகத்தில் மணல் அடிக்கடி சேரும். சார்ட்டில் உள்ள ஆழத்தை நம்பி உள்ளே நுழைய வேண்டாம். துறைமுகத்தாரிடம் முன்கூட்டியே அனுமதியும் அன்றைய ஆழமும் கேட்டு வைத்து, உள்ளூர் ஆள் ஒருவர் வழிகாட்டினால் மட்டும் போங்கள். நுழையும்போது சிவப்பு மிதவை இடக்கை, பச்சை வலக்கை. விஎச்எஃப் ரேடியோவில் அலைவரிசை 16 திறந்தே இருக்கட்டும், கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554.

வெளியிலேயே நங்கூரம் போட்டால், படகு கயிற்றில் நின்றதும் செங்கோணத்தில் இரண்டு பேரிங் எடுத்து ஆழத்தோடு எழுதுங்கள். அரை மணிக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள். கையோடு பதிவேட்டை எடுத்து, மணிக்கு மணி கணக்கில் வந்த இடத்துக்கும் கண்ணால் வைத்த இடத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து இடைப்பட்ட நேரத்தால் வகுங்கள். கிடைப்பது அந்த மணியில் ஓடிய நீரோட்டம். நாளும் காற்றும் சேர்த்து அதைச் சார்ட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள், திரும்பிச் சென்னைக்குப் போகும் முக்கோணத்துக்கு அந்த எண்தான் வேண்டும்.